வக்கீல் நோட்டீஸின் ஆங்கிலம் ஏன் பிடிபடுவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்துப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தார். தவணை நின்றுபோய் இப்போது மூன்று பக்கத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "சொல் சொல்லாகப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்த சொல்தான். வாக்கியமாகப் படித்தால் ஒன்றும் நிற்கவில்லை. அகராதியைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. சட்ட ஆங்கிலத்தை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?" என்பது கேள்வி.

தம்பி, மொழியைப் பிறகு பார்ப்போம். முதலில் தேதியைப் பாருங்கள்.

நோட்டீஸின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ ‘சர்ஃபேசி சட்டம் 2002, பிரிவு 13(2)’ என்று இருக்கிறதா? இருந்தால் அது சாதாரண வக்கீல் நோட்டீஸ் இல்லை. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே அடமானச் சொத்தைக் கையில் எடுக்க வங்கிக்கு வழிவிடும் சட்டத்தின் முதல் படி அது. பணத்தைக் கட்ட 60 நாள் கெடு. அந்த 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘நோட்டீஸ் தேதியிலிருந்து’ என்பதே சட்டத்தின் வாசகம். கைக்குக் கிடைத்த நாள் அங்கே கணக்கில் இல்லை. செக் திரும்பியதற்கு வரும் நோட்டீஸ் வேறு மாதிரி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் பணம் கட்டக் கிடைக்கும் 15 நாள், நோட்டீஸ் கைக்கு வந்த நாளை வைத்து எண்ணப்படும். ஒன்றில் ‘டேட் ஆஃப் நோட்டீஸ்’, இன்னொன்றில் ‘ரிசீட் ஆஃப் நோட்டீஸ்’. கண்ணில் படாமல் போகிற இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் ஒரு வாரம் பத்து நாள் கரைந்துவிடும். மண் சரிந்து பாதை அடைபட்டால் தபால் எப்போது வந்து சேரும் என்று மலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் இருக்கும் அஞ்சல் முத்திரை பின்னால் உதவும்.

இன்னொன்று. ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொது விதிகள் சட்டம் 1897-ன் 27-ஆம் பிரிவுப்படி, சரியான விலாசம் எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படாத வரை, சேர்ந்துவிட்டதாகவே ‘கருதப்படும்’. ஆங்கிலத்தில் ‘டீம்டு’. இந்தச் சொல்லுக்கு மறுபடி வருகிறேன்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. சட்ட ஆங்கிலத்தில் நம்மைக் கவிழ்ப்பது பெரிய சொற்கள் இல்லை. ‘ஹைபாதிகேஷன்’ என்று ஒரு சொல் வந்தால் நமக்குத் தெரியாது என்று நமக்கே தெரியும், யாரையாவது கேட்டுவிடுவோம். ஆனால் ‘டிட்டர்மின்’ என்று வந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. தீர்மானிப்பது என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. குத்தகைப் பத்திரத்தில் ‘தி லீஸ் ஷல் ஸ்டாண்ட் டிட்டர்மின்டு’ என்று இருந்தால், அந்தக் குத்தகை முடிந்துபோனது என்று பொருள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ல் 111-ஆம் பிரிவின் தலைப்பே ‘டிட்டர்மினேஷன் ஆஃப் லீஸ்’தான், குத்தகை எந்தெந்த வகையில் முடிவுக்கு வரும் என்ற பட்டியல் அது. குன்னூரில் கடை எடுத்தவர் ஒருவர் அந்த வரியைப் படித்து, "குத்தகையை உறுதி செய்திருக்கிறார்கள்" என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கையில் இருந்தது காலி செய்யச் சொல்லும் கடிதம்.

இப்படிப் பழக்கமான முகத்தோடு வந்து வேறு வேலை செய்யும் சொற்கள் ஒரு முப்பது நாற்பது இருக்கும். ‘கன்சிடரேஷன்’ என்றால் பரிசீலனை என்றுதான் நினைப்போம். பத்திரத்தில் அது கைமாறும் பிரதிபலன், கிரயப் பத்திரத்தில் கிரயத் தொகை. ‘எக்ஸிக்யூட்’ என்றால் பத்திரத்தில் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பது. அதே சொல் தீர்ப்போடு சேர்ந்து வந்தால் தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றால் எழுதப்பட்ட ஆவணம். வழக்கு மனுவின் ‘ப்ரேயர்’ நீதிமன்றத்திடம் என்ன கேட்கிறார்கள் என்ற பகுதி. நோட்டீஸிலோ வழக்கிலோ முதலில் படிக்க வேண்டியது அதைத்தான், ஏனென்றால் உங்களிடமிருந்து என்ன பறிக்கப் பார்க்கிறார்கள் என்பது அங்கேதான் வெளிப்படையாக இருக்கும். ‘கொயட் என்ஜாய்மென்ட்’ என்பதற்குச் சத்தமில்லாத சூழல் என்று பொருள் இல்லை, சொத்தை எடுத்தவரை அதன் அனுபவத்திலிருந்து யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற உறுதி அது. ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்பதை அகராதி பாரபட்சமின்றி என்று சொல்லும். வங்கி எழுதும் கடிதத்தில் அதற்கு ‘என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்’ என்று பொருள். சமரசம் பேசும்போது நீங்கள் எழுதும் கடிதத்திலும் அதைத் தலைப்பில் போடலாம். அப்படிப் போட்டு எழுதிய சமரசப் பேச்சை நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துவைப்பது எதிர்த்தரப்புக்குக் கடினமாகிவிடும்.

இந்தச் சொற்களையாவது ஒரு நோட்டில் எழுதிப் பழகிவிடலாம். இதைவிட முக்கியமானவை, வாக்கியத்தைத் திருப்பும் சின்னச் சொற்கள். ‘சப்ஜெக்ட் டு’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘ப்ரொவைடட் தட்’, ‘டீம்டு’, ‘ஷல்’, ‘மே’ (செய்யலாம்), ‘மீன்ஸ்’, ‘இன்க்ளூட்ஸ்’. பொருளைச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் தங்காது. குத்தகைப் பத்திரங்களில் வருவது போன்ற ஒரு பிரிவைத் தமிழில் அதே வரிசையில் தருகிறேன், ஆங்கிலத்தில் இது ஒரே வாக்கியமாக இருக்கும்:

"இந்த ஒப்பந்தத்தில் வேறு எது சொல்லப்பட்டிருந்தபோதிலும், ஆனால் 9-ஆம் பிரிவுக்கு உட்பட்டு, குத்தகைதாரர் மேற்படி வாடகையை ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும், தவறினால், குத்தகை கொடுத்தவரின் மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், எழுத்து மூலம் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து இந்தக் குத்தகையை முடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, எனினும், அந்த 15 நாளுக்குள் நிலுவை முழுவதும் செலுத்தப்பட்டால், அந்த நோட்டீஸ் கொடுக்கப்படாததாகவே கருதப்படும்."

பென்சிலை எடுங்கள். முதலில் ‘ஷல்’ எங்கே என்று தேடி வட்டம் போடுங்கள். ‘செலுத்த வேண்டும்’ என்ற இடம். யார்? குத்தகைதாரர். என்ன? வாடகை. எப்போதைக்குள்? 5-ஆம் தேதி. எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் அதன் மேல் ஏறியவை. சட்ட வாக்கியத்தை இடமிருந்து வலமாகப் படித்தால் மூச்சு முட்டும், வினையிலிருந்து தொடங்கிப் படித்தால் வழி தெரியும்.

அடுத்து முன்னால் நிற்கும் இரண்டு சொற்கள். ‘எது சொல்லப்பட்டிருந்தபோதிலும்’ என்பதுதான் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. பத்திரத்தில் வேறு இடத்தில் இதற்கு முரணாக எதுவும் இருந்தால் இந்தப் பிரிவே நிற்கும். ‘உட்பட்டு’ என்பது ‘சப்ஜெக்ட் டு’. அது எதிர்த்திசை, 9-ஆம் பிரிவோடு மோதினால் இந்தப் பிரிவு விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே 9-ஆம் பிரிவைப் படிக்காமல் இதைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. கூரை ஒழுகி, குத்தகை கொடுத்தவர் சரிசெய்யாவிட்டால் குத்தகைதாரரே செலவழித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். குன்னூர் மழைக்குத் தகரக் கூரையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும். அந்த மாதம் குறைத்துக் கட்டிய வாடகை தவறியதாக ஆகாது. ‘சப்ஜெக்ட் டு’ என்ற இரண்டு சொல்லைத் தாண்டிப் போனவருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாமல் போகும்.

பிறகு ‘தவறினால்’. இங்கே வினை மாறுகிறது, உரிமை கைமாறுகிறது. குத்தகை கொடுத்தவர் முடித்துக்கொள்ளலாம், ஆனால் எழுத்து மூலமாக, 15 நாள் கொடுத்து. வாயால் சொன்னது செல்லாது. ‘பாதகமில்லாமல்’ என்பதால், குத்தகையை முடித்த கையோடு பாக்கிக்கும் தனியாக வழக்குப் போடலாம். கடைசியாக ‘எனினும்’, அதாவது ‘ப்ரொவைடட் தட்’. இந்தச் சொல் வந்த இடத்தில் எப்போதும் நின்று மூச்சு விடுங்கள், மேலே கொடுத்ததிலிருந்து கொஞ்சம் திருப்பி எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சில சமயம் உங்களுக்குச் சாதகமாகவும் எடுப்பார்கள், இங்கே அப்படித்தான். 15 நாளில் கட்டிவிட்டால் நோட்டீஸ் கொடுக்கப்படாததாகக் கருதப்படும். கொடுத்தார்கள், உங்கள் கையிலும் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லை. ‘மாறாக நிரூபிக்கப்படாத வரை’ என்ற விலக்கு கூட வராவிட்டால் ‘டீம்டு’ செய்யும் வேலை இதுதான்: உண்மையில் நடந்ததா இல்லையா என்ற கேள்வியையே மூடிவிட்டு, நடந்ததாகவோ நடக்காததாகவோ எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிடுவது.

‘15 நாள்’ எப்படி எண்ணுவது? மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ என்று ஒரு நாள் குறிக்கப்பட்டால் அந்த முதல் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொது விதிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதே சட்டம் ‘அவன்’ என்று ஆண்பாலில் எழுதியிருந்தால் பெண்ணையும், ஒருமையில் எழுதியிருந்தால் பன்மையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. சட்ட வாக்கியங்கள் எல்லாம் ‘ஹீ’ என்றே போவதைப் பார்த்துத் தன் அம்மாவுக்கு இது பொருந்தாதோ என்று ஒரு பெண் கேட்டார். பொருந்தும்.

அடுத்து ‘மீன்ஸ்’, ‘இன்க்ளூட்ஸ்’. சட்டத்திலும் பெரிய ஒப்பந்தங்களிலும் தொடக்கத்திலேயே விளக்கப் பிரிவு ஒன்று இருக்கும். நாம் கதையை ஆரம்பிக்கட்டும் என்று அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே ‘மீன்ஸ்’ என்று போட்டிருந்தால் பொருள் அத்தோடு முடிந்தது, வெளியே அகராதி தேட வேண்டியதில்லை. ‘இன்க்ளூட்ஸ்’ என்றால் வழக்கமான பொருளும் இருக்கும், சொன்னதும் சேரும். வன உரிமைச் சட்டம் 2006-ல் ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்பதற்கு, 13 டிசம்பர் 2005-க்கு முன் குறைந்தது மூன்று தலைமுறை காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்தவர்கள் என்று விளக்கம். தலைமுறை என்றால் எவ்வளவு? பாட்டன், அப்பன், மகன் என்று நாம் எண்ணுவோம். சட்டம் தன் விளக்கத்திலேயே ஒரு தலைமுறை 25 ஆண்டு என்று கட்டிவிட்டது. ஆக 75 ஆண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் இந்த ஒரு எண்ணில் எத்தனையோ குடும்பங்களின் மனு மாட்டிக்கொள்கிறது.

விளக்கம் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கூடலூரே உதாரணம். வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்றது. ‘வனம்’ என்றால் என்ன என்று சொல்லவில்லை. கேரளத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதைச் சொல்லி 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 12 டிசம்பர் 1996 அன்று நீதிமன்றம், ‘வனம்’ என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டாம், அரசுப் பதிவேட்டில் வனம் என்று இருப்பதும் அதில் சேரும். ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன அந்த உத்தரவால் நாடு முழுவதும் மர அறுவை ஆலைகள் வரை எத்தனையோ நின்றன. 2023-ல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தபோதும், பிப்ரவரி 2024-ல் இடைக்கால உத்தரவாக அந்தப் பழைய பொருளையே தொடரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ‘வெறும் வார்த்தைதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

கூடலூரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு எச்சரிக்கை. அங்கே ‘செக்‌ஷன் 17’ என்று சொன்னால் டீக்கடையில் இருக்கும் எல்லோருக்கும் புரியும். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய பிரிவு அது. இந்தச் சட்டம், சட்டங்களை நீதிமன்றக் கேள்வியிலிருந்து காக்க வைத்த அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதைப் பற்றிய வழக்குதான் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போய் 11 ஜனவரி 2007 அன்று கோயல்ஹோ தீர்ப்பாக வந்தது. ஆனால் பதிவுச் சட்டம் 1908-லும் ஒரு 17 உண்டு, எந்தெந்தப் பத்திரத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது. சர்ஃபேசி சட்டத்திலும் ஒரு 17 உண்டு. வங்கி சொத்தை எடுக்க நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அது, நமக்குக் கோவையில் இருக்கிறது. மூன்று ‘17’-உம் நீலகிரிக்காரர் ஒருவர் வாழ்க்கையில் ஒரே வருடத்தில் வந்து சேரலாம். சட்டத்தின் பெயர் இல்லாமல் பிரிவு எண்ணை மட்டும் யாரும் சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இரட்டைச் சொற்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘நல் அண்ட் வாய்ட்’, ‘செல், கன்வே, டிரான்ஸ்ஃபர் அண்ட் அசைன்’ என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1066-க்குப் பிறகு இங்கிலாந்தின் ஆட்சி நார்மன் பிரபுக்கள் கைக்குப் போய், பிரெஞ்சும் லத்தீனும் சட்டத்தின் மொழிகளாகி, ஆங்கிலமும் கூடவே ஓடிய காலத்தின் மிச்சம் இது. ஒரே விஷயத்தை இரண்டு மொழியிலும் சொல்லிவைத்த பழக்கம் நிலைத்துவிட்டது. பெரும்பாலும் ஒரே பொருள்தான், தனித்தனியாக அகராதி பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். லத்தீனும் அப்படித்தான், ஒரு பத்து தெரிந்தால் போதும். அதில் நம் ஊர் நிலத் தகராறுகளில் அடிக்கடி வருவது ‘ஸ்டேட்டஸ் கோ’, இன்றைக்கு இருக்கிற நிலை அப்படியே தொடர வேண்டும் என்பது. அந்த உத்தரவு இருக்கும்போது புதிதாக வேலி போடுவதும் மரம் வெட்டுவதும் ஆபத்து. இன்னொன்று ‘எக்ஸ் பார்ட்டி’, நீங்கள் வராததால் உங்களைக் கேட்காமலேயே முடித்த வழக்கு. அதை ரத்து செய்யக் கேட்கச் சாதாரணமாக 30 நாள்தான்.

இனி நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்பும் ஒரு சொல். உங்கள் நோட்டீஸில் அப்பா பெயரோடு வேறு யார் பெயரும் இருக்கிறதா? மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர்? இருந்தால் அவர்கள் பெரும்பாலும் ‘கேரன்டர்’, ஜாமீன் போட்டவர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 128-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்போடு ‘கோ-எக்ஸ்டென்சிவ்’ என்கிறது. அதாவது சரிக்குச் சரி, முழுத் தொகைக்கும். மஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சட்டைப் பைக்குள் நாலாக மடித்து, மடிப்பு கிழியும் நிலையில் ஒரு நோட்டீஸ். "அவன் தோட்டத்தை முதல்ல எடுக்கட்டும் சார், பத்தலேன்னா மீதியை நான் தர்றேன். ஜாமீன்னா அதுதானே?" என்றார். ஊரில் எல்லோரும் ஜாமீனை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறோம். சட்டம் அப்படி வரிசை எதுவும் வைக்கவில்லை. கடன்காரரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடம் வரவும் வங்கிக்கு உரிமை உண்டு. ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ என்றும் பத்திரத்தில் இருந்தால் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு வங்கியிடம் எடுபடாது.

சட்டம் ஜாமீன்தாரரை ஒரேயடியாகக் கைவிடவும் இல்லை. அவர் கட்டியதை கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்கலாம், பிரிவு 145. முழுவதும் கட்டிவிட்டால் வங்கிக்கு இருந்த உரிமைகள் அவர் கைக்கு வரும், பிரிவு 140. அவரைக் கேட்காமல் கடனின் நிபந்தனையை வங்கியும் கடன்காரரும் மாற்றிக்கொண்டால், அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு அவர் பொறுப்பில்லை, பிரிவு 133. ஆனால் வங்கிகளின் அச்சடித்த ஜாமீன் பாரத்தில் இந்த உரிமைகளை ‘வெய்வ்’ செய்வதாக, அதாவது விட்டுக்கொடுப்பதாக, ஒரு வரி இருக்கும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியைத் தேடுங்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களில் நண்பனுக்காகப் போட்ட ஒரு கையெழுத்தால் தன் நிலத்தையும் தூக்கிக் கொடுத்தவர்கள் இந்த மலையில் உண்டு. அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. நண்பனை நம்பினார்கள், பாரத்தைப் படிக்கவில்லை.

உங்கள் நோட்டீஸுக்கே வருகிறேன். பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். ஊரில் ‘எம்ஓடி (மெமொரண்டம் ஆஃப் டெபாசிட்) போட்டோம்’ என்பார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில், உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம் என்று வருவது இதுதான். மூலப்பத்திரம் வங்கியில் இருக்கிறதென்றால், வில்லங்கச் சான்று போட்டு அந்த அடமானப் பதிவு எந்த சர்வே எண்களுக்கு இருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள். நோட்டீஸின் கடைசியில் ‘ஷெட்யூல்’ என்று சொத்து விவரம் இருக்கும், எல்லையும் பரப்பும் அதில்தான். அதை உங்கள் பட்டாவோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பது எந்த வக்கீலையும்விட உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

சர்ஃபேசி சட்டம் 31-ஆம் பிரிவில், விவசாய நிலத்தின் மேல் ஏற்படுத்திய பாத்தியத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இருக்கிறது. உங்கள் தோட்டம் அதில் வருமா என்பதை வருவாய்ப் பதிவேடு, கடன் வாங்கிய நோக்கம், நிலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனவே பதிலில் இதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும், பிரிவு 13(3ஏ). நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பதும் அதே 13-ஆம் பிரிவில் இருக்கிறது. ‘அவசரமாக மச்சான் பெயருக்கு எழுதிவிடு’ என்று யோசனை சொல்கிறவர்கள் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்கள்.

நீண்ட காலத்துக்குக் கற்க வேண்டுமானால், அகராதியைவிட நல்ல இடம் இந்திய ஒப்பந்தச் சட்டம். பிரிவைச் சொல்லிவிட்டு உடனே ‘அ, ஆ-வுக்கு வீட்டை விற்க ஒப்புக்கொள்கிறார்’ என்கிற மாதிரி எளிய ஆங்கிலத்தில் உதாரணம் கொடுத்திருப்பார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவருக்கு அது கதை படிப்பது போலப் போகும். உதாரணத்தை முதலில் படித்துவிட்டு மேலே ஏறிப் பிரிவைப் படியுங்கள். இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் எல்லா மத்தியச் சட்டங்களும் இலவசமாக இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் பலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஒரே தீர்ப்பின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பத்துப் பக்கம் படித்தால் மேலே சொன்ன சின்னச் சொற்கள் எல்லாம் பழகிவிடும். ஆனால் ஆங்கிலப் பிரதிதான் அதிகாரபூர்வமானது, சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் படியுங்கள். ‘வில்லங்கம்’, ‘சர்வ சுதந்திர பாத்தியம்’, ‘ஆண்டு அனுபவித்து’ என்று உங்கள் தாத்தாவுக்குப் பழக்கமான சொற்களுக்குப் பின்னால் இருப்பவை, நீங்கள் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருக்கும் அதே கருத்துகள்தான்.

இதெல்லாம் ஆவணத்தைப் புரிந்துகொள்ள. பதிலை ஒரு வழக்கறிஞரை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். செலவு கவலையாக இருந்தால், ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழுக்கள் இருக்கின்றன, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டம் சொல்லும் வேறு சில பிரிவினருக்கும் அப்படியே. எஞ்சியவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். கடனில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரில் மனு கொடுக்கலாம். போகும்போது நோட்டீஸ், உறை, கடன் ஒப்பந்தத்தின் நகல், கடைசியாகக் கட்டிய தவணைகளின் ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகல் கையில் இல்லை என்றால் இன்றைக்கே வங்கிக்கு எழுதிக் கேட்டு, எழுதியதற்கு ஒப்புதல் சீட்டு வாங்கிவிடுங்கள்.

நோட்டீஸில் இருக்கும் சட்டத்தின் பெயர், பிரிவு எண், தேதி, இந்த மூன்றை மட்டும் எனக்கு எழுதுங்கள். அப்பாவின் பெயரோ கணக்கு எண்ணோ வேண்டாம். எந்த நாளுக்குள் பதில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.